பதினோரு வாளிகள்

மெட்டில்டாவுக்கு உட்காரத் தெரியாது என்று ஊட்டியின் காந்தல் பகுதியில் ஒரு பேச்சு உண்டு. மாதா கோயில் பூசையிலேயே பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருப்பாள். ஊட்டிக் கலையரங்கத்தில் பதினாறு வருடமாகப் பெருக்கித் துடைத்து, ஒப்பனை அறைக்குக் கரி அடுப்பு மூட்டி வந்தவள், அங்கிருந்த முந்நூறு நாற்காலிகளில் ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை.

அரங்கத்துக்குத் தகரக் கூரை. ஜூன் பிறந்தால் பதினோரு இடத்தில் ஒழுகும். மேடையின் இடது ஓரம், மூன்றாம் வரிசையில் ஏழாவது நாற்காலி என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அங்கங்கே தகர வாளி வைத்து, உள்ளே பழந்துணி போட்டுவிடுவாள். சொட்டுகிற சத்தம் நாடகத்தைக் கெடுக்கக் கூடாதல்லவா? இந்தத் துணி வேலையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொள்ளவும் செய்வாள்.

1973 ஜூலையில் அவள் மகள் ரோஸ்மேரி முதன்முதலாக மேடை ஏறினாள். பெற்றவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பவுடர் சரியா, சேலை மடிப்பு சரியா என்று ஒப்பனை அறைக்கு ஓடி ஓடி, வாளிகளை வைத்தவள் துணியை மறந்துபோனாள். ரோஸ்மேரி வாயைத் திறந்ததும் வாளிகள் டங் டங்கென்று பதில் சொல்லத் தொடங்கின. பின்வரிசைக்காரர்கள் சொட்டுக்குச் சொட்டு கைதட்டிச் சிரித்தார்கள். பாவம், பெண் பாதியிலேயே இறங்கி ஓடிவிட்டாள்.

"கூரைய மாத்துனா வர்றேன். இல்லீன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். துணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் மெட்டில்டாவைப் போட்டு அரித்தது.

அடுத்த ஏப்ரலில், கூரையை மாற்ற வேண்டுமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். பெரிய மனுஷர் வருகிறார் என்றால் அசிங்கத்தை ஒளித்துவைப்பது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை. அரங்கச் செயலாளர் டக்ளஸ் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். வாளிகளை மறைக்கச் சொன்னார். மெட்டில்டாவும் மறைத்தாள். காலையிலிருந்து பத்து தடவை வாசலுக்கு வந்து பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"ஒழுகுதா?" என்று கேட்டார் பொறியாளர்.

"சேச்சே, ஒரு சொட்டு விழாதுங்க" என்றார் டக்ளஸ், அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பதையே மறந்து.

பொறியாளர் பேனாவை மூடினார். மெட்டில்டாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒப்பனை அறைக்கு ஓடி, வாளிகளை அள்ளி வந்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். டக்ளஸ் பல்லைக் கடித்தார்.

"என்னம்மா இது? மழையே இல்லையே!" என்றார் பொறியாளர்.

"மழை வர்றப்ப நீங்க இருக்க மாட்டீங்களேங்க சார். மேடையேறி நாலு வார்த்தை பேசிப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஏறித் தன் பெயரையும் ஊரையும் சொல்லத் தொடங்கினார். அவள் பழந்துணியை நனைத்து வாளிக்கு மேலே உயரப் பிடித்துப் பிழிந்தாள். டங். டங். டங். அவர் தடுமாறி நிறுத்தினார்.

"எம் புள்ள பேசறப்ப இப்படித்தானுங்க இருந்துச்சு. துணி போட மறந்தது நான்தானுங்க."

பொறியாளர் பேனாவைத் திறந்தார்.

மறு வருடம் புதுக் கூரை வந்தது. ஜூலையில் ஒரு ஞாயிறு மதியம், கொட்டுகிற மழையில் ரோஸ்மேரி மேடை ஏறினாள். டக்ளஸே மெட்டில்டாவின் கையைப் பிடித்து மூன்றாம் வரிசை ஏழாவது நாற்காலியில் உட்காரவைத்தார். உட்கார்ந்தவள் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ சொட்டப் போகிறது, இதோ சொட்டப் போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு சொட்டும் விழவில்லை. கைதட்டல் கேட்டபோதுதான் நாடகம் முடிந்ததே தெரிந்தது.

ரோஸ்மேரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நான் பேசுனதெல்லாம் கேட்டுச்சாம்மா?"

"ஒரு வார்த்தை விடாம கேட்டேன் கண்ணு" என்றாள் மெட்டில்டா. ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழுந்திருக்கவில்லை.