நல்லமுத்துவின் மூக்குக்கு வந்த ஜப்பான் மருந்து

அன்று நல்லமுத்துவுக்கு வந்த கோபத்தைத் தேயிலைத் தோட்டத்து லயம் தாங்கவில்லை. ஜப்பானில் இருந்து மகள் கிருஷாந்தி அனுப்பிய மருந்தை, அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மனைவி அம்மாக்கண்ணு வீடு வீடாகப் பங்கு வைத்து முடித்திருந்தாள்.

வெளிநாட்டுப் பார்சல் வந்தால், வரிசையாக ஒட்டி நிற்கும் பன்னிரண்டு காம்பரா வீடுகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போக வேண்டும். அது அந்த லயத்து வழக்கம். டுபாய் சவர்க்காரம் அப்படித்தான் போனது, குவைத் பால்மாவும் அப்படித்தான் போனது. இந்த முறை வெள்ளி நிறத்தில் பொடி அடைத்த சின்னச் சின்னப் பக்கெட், மேலே வாசிக்க முடியாத எழுத்து. சூப்புத் தூள் என்று நினைத்துவிட்டாள்.

"தொண்ணூறு பக்கெட்டு புள்ள. ஒரு மாசத்து மருந்து. அள்ளிக் குடுக்க ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"மருந்துன்னு யாரு எனக்குச் சொன்னா? ஒங்களுக்கு என்ன சொகமில்லன்னே எனக்குத் தெரியாது. கடல் தாண்டி இருக்க மகளுக்குத் தெரியுது, பக்கத்துல கெடக்கிறவளுக்குத் தெரியல."

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், அந்த ஊர்ப் பேச்சில் ஸ்டோரில், இருபத்திரண்டு வருடமாக நல்லமுத்துவுக்குச் சோறு போட்டது மூக்குத்தான். அரைத்த கொழுந்தை மேடையில் பரப்பி வைத்தால், பச்சை வாடை போய்ப் பழவாசம் எழும் நேரம் பார்த்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். பிந்தினால் தூள் புளித்துப் போகும். தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கர் கடிகாரம் பார்ப்பார். நல்லமுத்து குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்வார். நல்லமுத்து சொன்னதுதான் நடக்கும்.

பதினொரு மாதத்துக்கு முன் வந்த கொரோனாக் காய்ச்சல் நான்கே நாளில் போனது. போகும்போது மணத்தையும் கொண்டு போய்விட்டது. கருவாடு பொரித்தாலும் சாம்பிராணி போட்டாலும் அவருக்கு ஒன்றுதான். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் தனியே போய்க் காட்டினார். தானாக வந்தால் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே தெரிந்தால் மேடை வேலை போய்விடும் என்று மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. நிறம் பார்த்தார், உள்ளங்கையில் சூடு பார்த்தார், மற்றவர்கள் கண்ணுக்காக அள்ளி முகர்ந்தும் காட்டினார்.

மகளிடம் மட்டும் சொன்னார். அவள் முதியோரைப் பராமரிக்கும் இடத்தில், காய்ச்சலுக்குப் பிறகு மணம் இழந்த ஒரு பாட்டிக்கு அங்குள்ள டாக்டர் மூலிகைப் பொடி கொடுத்திருந்தார். அவர்களுடைய பழைய வைத்தியம், ஆனால் ஆஸ்பத்திரியிலும் எழுதித் தருவார்களாம். "நிச்சயம்னு யாரும் சொல்ல மாட்டாங்கப்பா. மூணு மாசமாவது விடாம குடிச்சுப் பாக்கணும்" என்றாள். அந்த மருந்துதான் இப்போது லயம் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

முதலில் பக்கத்துக் காம்பரா யோகேஸ்வரன் வீட்டில் போய் நின்றார்.

"அண்ணே, ரெண்டு பக்கெட்ட கோழிக் கொழம்புல போட்டுட்டோம். கொஞ்சம் கசப்பு. ஜப்பான்காரன் இதத்தான் திங்கிறானான்னு பேசிக்கிட்டு இருந்தோம்."

"அது மூக்குக்கு மருந்துடா."

"யாரு மூக்குக்கு?"

"என் மூக்குக்குத்தான். மணமே தெரியல. போதுமா?"

கோபத்தில் போட்ட சத்தம் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்டது. அறுபத்தேழு பக்கெட் திரும்பி வந்தது. செய்தி அதைவிட வேகமாக ஸ்டோருக்குப் போனது.

மறுநாள் காலை டீமேக்கர் ஒரு துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து, வேலையாட்கள் அத்தனை பேரும் பார்க்க அவர் மூக்கடியில் பிடித்தார்.

"என்ன மணம், சொல்லு."

டீசலில் நனைத்த துணி. பக்கத்தில் நின்றவர்கள் முகம் சுளித்ததைப் பார்த்து ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். நல்லமுத்துவுக்கு அந்தத் துணியைப் பார்க்கவே உடம்பு பற்றி எரிந்தது.

"தெரியலங்க. பதினொரு மாசமா தெரியல. இந்தப் பதினொரு மாசத்துல தூளு சரியில்லன்னு கொழும்பு ஏலத்துல இருந்து ஒரு கடுதாசி வந்திருக்கா ஐயா?"

வந்திருக்கவில்லை. டீமேக்கர் துணியைக் கீழே போட்டார்.

"மூக்கில்லாதவன மேடையில வச்சா எனக்குக் கேவலம். வெறகுக்குப் போ."

"இருவத்திரண்டு வருஷமா என் மூக்குல ஒங்களுக்குப் பேரு வந்துச்சே, அது கேவலமா இல்லையா?"

சிரிக்கக் காத்திருந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை. அன்றே அவரை அடுப்புக்கு விறகு பிளக்கப் போட்டார்கள்.

ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் மழை. குளிருக்குக் கடிகாரக் கணக்குச் சரிவரவில்லை. மேடைக்கு வந்த புது ஆளுக்கு நல்ல மூக்கு இருந்தும் நேரம் பிடிபடாமல் பிந்தியே அடுப்புக்கு அனுப்பினான். டீமேக்கர் குடை பிடித்துக்கொண்டு விறகுக் கொட்டகைக்கு வந்தபோது, நல்லமுத்து பகல் மருந்தை வாயில் கொட்டி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். மணம் இன்னும் திரும்பவில்லை.

"ரெண்டு நாளா தூள் புளிக்குது. ஒருக்கா வந்து கைய வச்சுப் பாத்துட்டுப் போ."

"எந்த வேலக்காரனா வரணுங்க?"

"என்ன கேள்வி இது? பாத்துட்டுத் திரும்பி வந்துரு."

"வெறகு பொளக்கிறவனுக்கு மேடையில என்னங்க வேல? பழைய எடத்துக்குன்னு எழுதிக் குடுங்க, இப்பவே வாறேன். மணம் வந்தாலும் வராட்டியும் அந்த எடம் எனக்குத்தான்னு எழுதணும்."

"அதெல்லாம் தோட்டம் பாக்குற தொரைகிட்ட கேக்கணும்."

"கேட்டுட்டு வாங்க."

ஸ்டோருக்குள்ளே அரைத்த கொழுந்து சூடேறிக்கொண்டிருந்தது, அது இருவருக்கும் தெரியும். நல்லமுத்து ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்து ஒரே போடாகப் பிளந்தார். டீமேக்கர் கொட்டகையை விட்டு நடந்தார். குடை ஸ்டோர் பக்கம் திரும்பவில்லை, துரையின் ஆபீசுக்குப் போகும் பாதையில் ஏறியது.