பதினெட்டாவது பாத்தி

பதினெட்டாவது வெங்காயப் பாத்தியின் வாயை வெட்டித் திறந்தபோதுதான், முன்னைய பதினேழையும் நிரப்பியது யார் என்ற கேள்வி எழுந்தது. நான்தான். மண்வெட்டி என் கையில்தான் இருந்தது. ஆனாலும் ஒன்றும் நினைவில்லை. அதுவரை எங்கோ போயிருந்த, கிணற்றுத் தண்ணி இறைக்கும் மெசினின் சத்தம் மெல்லக் காதுக்குத் திரும்பியது. விடியலில் வந்தவள் நான். வெயிலோ பனை வடலிக்கு மேலே ஏறியிருந்தது.

கரவெட்டியில் அப்பாவின் கால் சுளுக்கிய கிழமை அது. தண்ணி மாறுகிற வேலை என் தலையில் விழுந்தது. வாய்க்காலில் வருவதை ஒரு பாத்திக்குள் விட வேண்டும், நிரம்பியதும் மண் வைத்து அடைத்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். எனக்கோ உயர்தரப் பரீட்சை, மூன்றாம் தரமாக எழுத இருந்தேன். இதற்குப் பிறகு இன்னொரு தரம் கிடையாது. இரசாயனவியல் கொப்பிக்கு முன்னால் ஐந்தாவது நிமிடமே கை போனைத் தேடும். அப்படிப்பட்டவளை இந்தச் சேறு எப்படி இவ்வளவு நேரம் வைத்திருந்தது?

இப்படித் தன்னை மறந்து ஒன்றிப்போகும் நிலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். செய்ய வேண்டியது தெளிவாக இருக்க வேண்டும். சரியோ பிழையோ, உடனே தெரிய வேண்டும். வேலை நம் திறமையைவிட ஒரு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும். அப்போது நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் உள்ளே உள்ள கண் மூடிக்கொள்ளுமாம். நேரமும் கரைந்துவிடுமாம். அட, எல்லாம் பாத்தியில் இருந்ததே!

அடுத்த இறைப்புக்குப் போனோடு போனேன். பாத்திக்குப் பாத்தி நேரம் குறித்தேன். எவ்வளவு ஒன்றினேன் என்று எனக்கே பத்துக்குப் புள்ளியும் போட்டேன். பத்தாவது பாத்தியில் நின்று, "வந்திட்டுதோ?" என்று உள்ளே எட்டிப் பார்த்த நேரம் வரம்பு உடைந்தது. நட்டு ஒரு கிழமையான வெங்காயங்கள் வேர் தெரிய மிதந்தன.

"எடி, தண்ணி காலுக்குள்ளாலை போகுது! என்ன செய்யிறாய்?" மெசினடியிலிருந்து அண்ணை கத்தினார்.

"ஆராய்ச்சி."

"ஓம் ஓம். விஞ்ஞானியின்ரை ஆராய்ச்சியிலை வெங்காயம் நீந்தப் பழகுது. உந்தப் போனை இஞ்சை கொண்டா!"

போனைக் கொடுத்துவிட்டு, மிதந்தவற்றைப் பொறுக்கித் திரும்ப நட்டேன். ஈர மண்ணுக்குள் விரல், விரல் நுனியில் வெங்காயம், பிறகு இன்னொன்று. நிமிர்ந்தபோது என் நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தது. அந்த நிலை வந்துவிட்டுப் போயிருக்கிறது! நான் பார்க்காதபோது.

அன்று பின்னேரம் என் பயிற்சி வினாத்தாள் வரம்பே இல்லாத வயலாகத் தெரிந்தது. மூன்று மணித்தியாலம் எழுதி, புள்ளிக்காகக் கிழமைக்கணக்கில் காத்திருந்தால் எந்தத் தண்ணீர்தான் நிற்கும்? பழைய தாள்களிலிருந்து பதினெட்டுக் கேள்விகளைக் கத்தரித்தேன். லேசானதிலிருந்து கடினமானதுக்கு அடுக்கி, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் விடையை எழுதினேன். ஒன்றைச் செய்து, திருப்பிப் பார்த்து, மூடி, அடுத்ததைத் திறக்க வேண்டும். தண்ணீரைப் போல இரசாயனவியல் நிரம்பிக் காட்டுமா, தெரியாது. நாளை இறைப்பில்லை; விடிய, வழக்கமாக அண்ணை மெசினை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் நேரத்துக்கு, முதலாவது கேள்வியைத் திறக்கப்போகிறேன். போன் அவரிடமே இருக்கட்டும்.