எனக்கு அருள் வரவில்லை

தைப்பூசத்துக்கு பாலிக் புலாவிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தே போகிற கூட்டம் ஒன்று உண்டு. என் அம்மா வீடு அந்தப் பக்கம். அதனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் அதில் ஒருத்தி. விடியும் நேரத்தில் புறப்பட்டு, டுரியான் தோட்டங்களைத் தாண்டி, மலைச்சாலையின் வளைவுகளில் ஏறி இறங்கி, ஆயர் ஈத்தாம் வழியாக அடிவாரம் வந்து சேர்வோம். அங்கே எங்கள் பந்தலில் குடத்தில் பாலை நிரப்பி, தலையில் ஏற்றிக்கொண்டு படியேறுவோம். புறப்படும்போதே பாலை நிரப்பினால் பினாங்கு வெயிலுக்கு முருகனிடம் தயிர்தான் போய்ச் சேரும்.

இப்போது எனக்குப் பார்க்கின்சன் நோய். வந்து சில வருஷங்கள் ஆகின்றன. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே முடியைவிட மெல்லிய கம்பிகளைச் சரிபார்த்த கை என்னுடையது. யாருக்காவது கை ஆடினால் அந்த வேலை என் மேசைக்கு வரும். அப்படிப்பட்ட கைக்கே நடுக்கம் வந்தது என்றால் எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஏற்கெனவே மூக்கு நுனியில் கோபம்.

நடுக்கம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவைதான் தொல்லை. சிரித்தாலும் முகம் சிரிக்காது, கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கும். சத்தமாகப் பேசுகிறேன் என்று நான் நினைப்பேன், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மருத்துவமனையில் ஒரு பெண் அடிவயிற்றிலிருந்து 'ஆ' என்று கத்தப் பழக்கிவிட்டிருக்கிறாள். வீட்டில் கத்தினால் கெலுகோர் அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும்விட மோசம், கால் ஒட்டிக்கொள்வது. நன்றாக நடந்துகொண்டே இருப்பேன். குறுகலான வாசல் வந்தாலோ கூட்டம் நெருக்கினாலோ பாதம் தரையோடு ஒட்டிவிடும். முழங்கால் மட்டும் வெடவெடவென்று ஆடும்.

அதற்கும் ஒரு வழி உண்டு. எதையாவது தாண்டச் சொன்னால் கால் கேட்கும். அதனால் நான் நின்றவுடன் என் வீட்டுக்காரர் தன் காலைக் குறுக்கே நீட்டுவார். நான் தாண்டிப் போய்விடுவேன். கட்டின புருஷன் காலைத் தாண்டுவதா என்று முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது பாசாரில், கிளினிக்கில், லிஃப்ட் வாசலில் என்று நாள் முழுக்கத் தாண்டுகிறேன். "என் பேச்சத்தான் எந்நாளும் மதிச்சதில்ல, இப்ப காலையும் மதிக்கிறதில்ல" என்பார்.

இந்த வருஷம் நடைக்குப் பேர் கொடுக்கப் போனபோது எங்கள் குழுத் தலைவர் தயங்கினார். என் தம்பியோடு பந்து விளையாடித் திரிந்தவர்தான்.

"அக்கா, வேன்ல வந்துருங்கலா. அடிவாரத்துல எறங்கி கும்பிட்டா போதும். முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு. நான் கோவிச்சுக்குவேன்."

பின்னால் இரண்டு பெண்கள் "பாவம்" என்று உச்சுக் கொட்டினார்கள். எனக்கு இந்த நோயைவிட அந்தச் சொல்லைக் கண்டால் ஆகாது. பாவம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் நான் செய்வது எதுவும் கணக்கில் வராது.

தலைவர் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "நடங்க. ஆனா குடத்தோட படிக்கட்டுக்கு வரப்ப கால் நின்னுருச்சுனா, குடத்த நான் வாங்கிருவேன். அந்தக் கூட்டத்துல விழுந்தீங்கனா பின்னால வர்றவங்களுக்கும் சூசா, கஷ்டம்." அவர் சொன்னது நியாயம். சரி என்றேன். மனதுக்குள் மட்டும், குடம் என் தலையிலிருந்து இறங்குவது சாமிக்கு முன்னால்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

நடந்தேன். அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். மலைச்சாலையில் ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கோடு இருந்தால் என் கால்களுக்குப் புத்தி வரும். ஏற்றத்தில் இளவட்டங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் முந்திப் போனேன். இறக்கம்தான் என்னை அலைக்கழித்தது, உடம்பு தானாக முன்னால் ஓடப் பார்த்தது. வீட்டுக்காரர் என் முந்தானையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார். "மாட்ட ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றார். ஆயர் ஈத்தாமில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தால் எழுப்புவதற்குள் பூசம் முடிந்துவிடும் என்று நின்றபடியே சீராப் சர்பத் குடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அடிவாரத்தில் குடத்தைத் தூக்கி வைத்தார்கள். குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சும்மா இருக்கும்போதுதான் என் கை ஆடும், வேலை கொடுத்தால் கொஞ்சம் அடங்கும். படிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தடுப்புக் கம்பிகள் வைத்து வழியைக் குறுக்கியிருந்தார்கள். முன்னும் பின்னும் ஆட்கள். மாத்திரையின் வேகமும் குறைந்துவிட்டிருந்தது. அங்கே ஒட்டிக்கொண்டது கால்.

முழங்கால்கள் வெடவெடத்தன. கைகளும் சேர்ந்துகொண்டன. தலையில் பால்குடம், அசையாத முகம், இமைக்காத கண். எங்கள் ஆட்கள் வேறென்ன நினைப்பார்கள்?

"அக்காவுக்கு அருள் வந்துருச்சு! வழி விடுங்க!"

உருமி மேளம் என்னைச் சுற்றி வந்துவிட்டது. யாரோ நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். யாரோ காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பக்கத்தில் வந்த வீட்டுக்காரரை, "அண்ணே, தள்ளி நில்லுங்க, இப்ப தொடக்கூடாது" என்று கம்பிக்கு அப்பால் தள்ளிவிட்டார்கள். எனக்குத் தேவைப்பட்ட ஒரே கால் அங்கே மாட்டிக்கொண்டது. என் வயதை ஒத்த ஒருத்தி முன்னால் மண்டியிட்டு, "தாயி, எம்மகளுக்கு இந்த வருசமாச்சும் கல்யாணம் கூடுமா?" என்று குறி கேட்டாள்.

"அருள் இல்லம்மா, வியாதி" என்றேன். மேளத்தில் எனக்கே கேட்கவில்லை. என் உதடு அசைந்ததைப் பார்த்து, "உத்தரவு வருது, உத்தரவு வருது" என்று இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள்.

பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. மற்ற நாளெல்லாம் இதே நடுக்கத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறவர்கள், இப்போது அதையே பார்த்துக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அதற்குள் குழுத் தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார். அவருக்கு உண்மை தெரியும். "அக்கா, சொன்ன சொல்லு" என்று காதருகே சொல்லிக் குடத்தை நோக்கிக் கையை நீட்டினார். உடனே சுற்றியிருந்தவர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள். "சாமி ஏறுனவ தலையில கை வைக்காதடா!"

எனக்கு எல்லாம் புரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், என் குடத்தை யாராலும் தொட முடியாது. சாமி என்றே மேலே கூட்டிப்போய் விட்டுவிடுவார்கள். ஆனால் மகளின் கல்யாணத்துக்காக ஒருத்தி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்ன சொல்வது? அதோடு இன்னொன்றும் இருந்தது. மலையேறி மலையிறங்கி நடந்து வந்தது நான். ஒட்டிக்கொண்ட காலைப் பிய்த்துப் பிய்த்து எடுத்து வைத்தது நான். அத்தனையையும் அருள் என்று சொல்லிவிட்டால் நான் நடந்ததற்கு என்ன பேர்?

அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து 'ஆ' என்று கத்தினேன். மேளம் நின்றது.

"எனக்கு அருள் வரல! எனக்குப் பார்க்கின்சன்! பாலிக் புலாவுல இருந்து என் கால்ல நடந்து வந்திருக்கேன். அந்த மனுசன உள்ள விடுங்க!"

கம்பிக்கு அப்பால் இருந்தவரைத் தாங்களாகவே உள்ளே விட்டார்கள். அவர் வந்து, எப்போதும்போல் காலைக் குறுக்கே நீட்டினார். சாமி என்று கும்பிட்டவர்கள் முன்னால், குடத்தோடு, என் புருஷன் காலைத் தாண்டினேன்.

தலைவரின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. "நின்னுருச்சுனா வாங்குறேன்னு சொன்னேன்லக்கா" என்றார்.

"இப்ப நிக்கலியே" என்றேன், நடந்துகொண்டே.

அவர் சிரித்துவிட்டார். உருமிக்காரர்களைப் பார்த்து, "அக்காவுக்கு முன்னால போங்கடா, நெறுத்தாம அடிங்க" என்றார். மண்டியிட்டவள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். "பாவம்" என்று சொல்லப் போகிறாள் என்று நான் பல்லைக் கடித்தேன். அவள், "அம்மாடி, அவ்ளோ தூரமா?" என்றாள். அவள் மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும்.

படிகளைப் பற்றித்தான் எல்லாரும் பயந்தார்கள். எனக்கோ சமதரையைவிடப் படி சுலபம். ஒவ்வொரு படியின் விளிம்பும் தாண்டச் சொல்லிக் கூப்பிடும், கால் கேட்கும். மெதுவாகத்தான் ஏறினேன், ஆனால் எங்கும் நிற்கவில்லை. பால் கொஞ்சம் சிந்தி முதுகில் வழிந்தது. உச்சியில் குருக்கள் கையை நீட்டியபோது நானே குடத்தை இறக்கிக் கொடுத்தேன். வேல்மேல் பால் வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணீர் வந்தது. முகம் அசையாததால் அது பாட்டுக்கு நேராக இறங்கியது.

பிரகாரத்துச் சுவரில் சாய்ந்திருந்தபோது வீட்டுக்காரர் கேட்டார்.

"என்ன வேண்டிக்கிட்ட? நோய் கொறையணும்னா?"

"ஒன்னும் கேக்கல" என்றேன். "வந்துட்டேன்னு சொன்னேன்."