மருந்து கொடுக்க மறுத்த வைத்தியர்

என் மகள் ஷைனி வயிறு நிறையச் சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிட இளைத்துப் போனாள். பிரியமான சபையாரே, அந்தக் கஷ்டத்திலிருந்து கர்த்தர் எங்களை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் டேவிட் சொல்வார். இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால், ஏற்றுமதி ஷிப்மென்ட் நெருக்கிப் பிடித்திருந்த நேரம். ஷைனி ஒன்பதாம் வகுப்பு. நாலு இட்லியோடு எழுந்துவிடுகிறவள் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் யூனிஃபார்ம் தோளில் நிற்கவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் வேர்த்துக் கொட்டியது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கித் தண்ணீர் சிந்தியது. ஒரு வார்த்தை சொன்னால் எரிந்து விழுவாள், அடுத்த நிமிஷமே அழுவாள். பரீட்சைப் பயம் என்று நினைத்தேன். கழுத்தில் வீக்கம் தெரிந்த பிறகுதான் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு என்றார் அந்த டாக்டர். கோயம்புத்தூரில் இதற்கென்றே இருக்கிற டாக்டரைச் சீக்கிரம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தைராய்டு என்றதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. எங்கள் தையல் லைனில் அது இல்லாதவர்களைத்தான் தேட வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள் பாதிப் பேர். டீ டைமில் உடம்பு போட்டதும் முடி கொட்டுவதும்தான் பேச்சு. ஊருக்கே இருக்கிற வியாதிதானே, ஷிப்மென்ட் போகட்டும், பிறகு கோயம்புத்தூர் போகலாம் என்று இருந்துவிட்டோம்.

பக்கத்து மெஷின் மல்லிகாக்கா தங்கமான மனுஷி. அவர் மகளுக்கும் தைராய்டு. எந்நேரமும் தூங்கி வழிந்துகொண்டு, உடம்பு ஊதிப்போயிருந்த அந்தப் பெண், மாத்திரையோடு அமுக்கராக் கிழங்குப் பொடியும் சாப்பிட்டுத் தெம்பாகிவிட்டாளாம். ஆயுர்வேதக் கடையில் ஒரு டப்பா வாங்கிவந்து என் கையில் வைத்தார். ஒருவருக்குக் கேட்ட மருந்து எல்லோருக்கும் கேட்கும் என்பதுதான் எங்கள் லைனில் வழக்கம். தைலமானாலும் அப்படித்தான், மாத்திரையானாலும் அப்படித்தான். நானும் தினமும் பாலில் கலந்து கொடுத்தேன். மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது?

செய்தது. ஷைனிக்குத் தூக்கமே போய்விட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண்கள் வெளியே தள்ளிக்கொண்டு, யாரையோ முறைப்பதுபோல இருந்தன. அவளை நேருக்கு நேர் பார்க்க எனக்கே என்னவோபோல் இருந்தது. பெற்ற தாய் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் உண்மை அதுதான்.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த டேவிட்டின் அக்கா, என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, பிள்ளையின் பார்வை சரியில்லை, இது வியாதி மாதிரித் தெரியவில்லை, வேறே ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. இத்தனை வாய் பேசுகிறவள், காதில் விழாத மாதிரி டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தேன். எல்லோரும் போன பிறகு ஷைனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தை பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"அம்மா, எனக்குள்ள பேய் இருக்குதா?" என்று கேட்டாள்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். இல்லை கண்ணு என்று சொன்னேன். ஆனால் அப்புறம் என்ன என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, எனக்கு உபவாசம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், துணி ரோல்களை அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் போய் முழங்காலில் நின்றேன். ஜெபமா சண்டையா என்று தெரியாத மாதிரிக் கேட்டேன். ஆண்டவரே, குணமாக்கும் என்று இத்தனை நாளாகக் கேட்டுப் பார்த்தேன். இப்போது அதைக்கூடக் கேட்கவில்லை. என் பிள்ளைக்கு என்னவென்று யாராவது ஒருவர் வாயால் எனக்குச் சொல்லும். அது மட்டும் போதும்.

அன்று சாயங்காலமே டேவிட் ஒரு செய்தியோடு வந்தார். கம்பெனியில் அவரோடு அயர்ன் போடுகிறவருக்கு ஊர் உடுமலைப்பேட்டை பக்கம். அங்கே குழந்தைகளைப் பார்க்கிற ஆயுர்வேத டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறாராம், முறையாகப் படித்தவராம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார், ஊசியும் ஆபரேஷனும் இல்லாமல் மூலிகையிலேயே குணம் வரப் போகிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை ஷிப்மென்ட்டையும் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். வழியில் ஷைனி என்மேல் சாய்ந்துகொண்டாள். அவள் நெஞ்சில் கை வைத்தேன். என் மெஷின் ஓடுகிற வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. போய்ச் சேரும்வரை கையை எடுக்கவில்லை.

டாக்டர் அம்மா நாடி பார்த்தார். கழுத்தைத் தடவினார். ரத்த ரிப்போர்ட்டைப் படித்தார். பசி, தூக்கம், வேர்வை, மாதவிலக்கு என்று ஷைனியிடமே கேட்டார். கடைசியில் என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்றார். பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்து, மல்லிகாக்கா மகள் கதையையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"தைராய்டுன்னா எல்லாம் ஒண்ணு இல்லீங்கம்மா. ஒண்ணு உடம்ப மந்தமாக்கும், இன்னொண்ணு பறக்க உடும். அந்தக்கா புள்ளைக்கு உள்ள இருக்கற நெருப்பு அணைஞ்சு கெடந்துச்சு. இவளுக்கு அது பத்தி எரியுது. எரியறதுல போயி சூட்டு மருந்தக் குடுத்திருக்கறீங்க."

மந்தமானால் கபம் கூடியிருக்கும், இப்படிப் பறந்தால் பித்தமும் வாதமும் ஏறியிருக்கும் என்று ஆயுர்வேதக் கணக்கைச் சொன்னார். கண் தள்ளுவது, கை நடுங்குவது, கோபம், அழுகை எல்லாம் அந்த வியாதியின் வேலைதான் என்றார். ஷைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்ட பதில் வந்துவிட்டது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அது உறைக்கவில்லை. சரிங்க, இதற்கு மருந்து கொடுங்கள் என்றேன்.

"இன்னைக்கு நான் ஒரு மருந்தும் தர மாட்டேனுங்க. நெஞ்சு அடிக்கற வேகத்துக்கு இவ பெரிய ஆஸ்பத்திரில இருக்கோணும். இப்பவே போயாகோணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சாமிகிட்டக் கேட்டுட்டு உங்களத் தேடி வந்தமுங்க. நீங்களே கைய விரிச்சா நாங்க எங்கீங்க போவோம்?"

அவர் என்னோடு வாதாடவில்லை. ஃபோனை எடுத்துக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பேசினார். பஸ்ஸில் போக வேண்டாம் என்று தன் காரையே டிரைவரோடு அனுப்பினார். வழியெல்லாம் நான் ஜெபிக்கவில்லை. மனசு கல்லாகிவிட்டது. டேவிட்தான் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஷைனியை நேராக உள்ளே கொண்டுபோனார்கள். நெஞ்சில் ஒயர் மாட்டினார்கள். எங்களை வெளியே நிறுத்தினார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் ஒரு டாக்டர் வந்து, இதயத்துடிப்பு கட்டுக்குள் வருகிறது, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது, மருந்து ஆரம்பித்துவிட்டோம் என்றார். இன்னும் கொஞ்ச நாள் அந்தப் பொடியோடு வீட்டில் வைத்திருந்தால் ஆபத்தாக முடிந்திருக்கும் என்றும் சொன்னார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருந்து கேட்டுப் போன இடத்தில் மருந்து இல்லை என்று கர்த்தர் சொல்ல வைத்தாரே, அதற்காக ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த அம்மா மட்டும் வந்தவளுக்கு ஒரு கஷாயத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தால், நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்திருப்பேன்.

இப்போது ஷைனி பத்தாம் வகுப்பு. யூனிஃபார்ம் தோளில் நிற்கிறது. ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரிந்தே உடுமலை டாக்டர் அம்மாவிடமும் காட்டுகிறோம். அவர் சொல்வது சாப்பாடும் தூக்கமும்தான். காரமும் டீயும் குறைத்து, மோரும் வெண்பூசணியும் சேர்த்து, நேரத்துக்குப் படுக்க வைக்கச் சொல்கிறார். வளர்கிற பெண்ணுக்குக் கடைப்பொடி எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரி மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புகிறார். லைனில் யாராவது தைராய்டு என்றால், எந்தத் தைராய்டு என்று முதலில் கேட்பது நானும் மல்லிகாக்காவும்தான். டேவிட்டின் அக்கா ஷைனியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஷைனி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். எனக்குத்தான் மன்னிக்க இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதற்கும் ஜெபியுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி இளைத்து, நடுங்கி, எரிந்து விழுந்துகொண்டிருக்கலாம். முழங்காலில் நில்லுங்கள், எழுந்ததும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நாம் நினைத்த பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். மாத்திரை இன்னும் நிற்கவில்லை. ஒருநாள் நிற்கும் என்று விசுவாசிக்கிறேன். அதை டாக்டர் வாயால் கேட்கிறவரைக்கும், தினமும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி நானே அவள் கையில் எடுத்துக் கொடுப்பேன்.