பாண்டுரங்கன் பிரித்து விற்ற விமானம்

கையை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்த்த பிறகுதான் பாண்டுரங்கன் எதையும் விற்பார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, பிறகு விரல் இடுக்கு. எண்ணெய் வாசனை வந்தால் வியாபாரம் அத்தோடு முடிந்தது. "பஜ்ஜி துன்னுட்டு நேரா இங்க வந்துகினுகிறே. போய் சோப்பு போட்டுக் கழுவிக்கினு வா" என்று தெருக்கோடி அடிபம்பைக் காட்டுவார். கழுவிவிட்டு வந்தால் மறுபடி முகர்வார். சோப்பு வாசனை தூக்கலாக இருந்தால் அதற்கும் ஒரு பார்வை உண்டு. எதையோ மறைக்கத்தான் இவ்வளவு சோப்பு என்று அவருக்குத் தோன்றும்.

விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், வாடகை சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவில் இருந்தது அவர் கடை. எண்பத்து நான்கில் எனக்குப் பதினொரு வயது. அதுவரை விளையாட்டுச் சாமான் என்றால் எனக்குத் திருவிழாக் கடைத் தகரக் கார்தான். நாமே ஒரு விமானத்தைச் செய்து பறக்கவிடலாம், அதற்கான மரத்தையும் பசையையும் காகிதத்தையும் விற்பதற்கென்றே ஒருவர் கடை வைப்பார் என்பதெல்லாம் அந்தச் சந்தில்தான் எனக்குத் தெரிந்தது. கூரையிலிருந்து நூலில் ஒரு மஞ்சள் விமானம் தொங்கியது. வாய் பிளந்து பார்த்தபடி நின்றேன். "பாத்தாச்சில்ல? தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

வீடு அவருக்குத் திண்டிவனத்தில். காலைப் பாசஞ்சரில் வந்து மாலைப் பாசஞ்சரில் போவார். போகும்போதும் வரும்போதும் கடையின் மொத்தச் சரக்கும் ஒரு பெரிய ட்ரங்குப் பெட்டியில் அவரோடு பயணம் செய்யும். கடையிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகலாமே என்று சைக்கிள் கடைக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். "பூட்ட நம்பலாங்க. பூட்டு செஞ்சவன எப்பிடி நம்பறது?" என்றார் பாண்டுரங்கன். விமானம் செய்ய அவர் விற்கிற பால்சா மரம் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். அவ்வளவு பெரிய பெட்டியை ஒற்றைக் கையில் அவர் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை, ஆள் ஏதோ வேஷம் போடுகிறார் என்று ரயிலில் பேசிக்கொள்வார்களாம். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் திறந்து காட்டச் சொன்னபோது, முதலில் உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்று இவர் கேட்டிருக்கிறார்.

பிறந்த ஊர் திருவக்கரை. அங்கே ஆதிகாலத்து மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கும். அந்த ஊர்க்காரர் ஊதினால் பறக்கிற மரத்தை விற்க வந்தாரே என்று எங்கள் சந்தில் கேலி உண்டு. விமானப்படையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். பழைய திருகாணியைக் கொண்டுவந்து காட்டாமல் புதுத் திருகாணியை யாருக்கும் கொடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். அவர் ஊரைச் சந்தேகப்பட்டார், ஊர் அவரைச் சந்தேகப்பட்டது. பசையும் தின்னரும் மணக்கிற அந்தக் கடையில் திருட்டுத்தனமாகச் சாராயம் விற்கிறார்கள் என்று புரளி கிளம்பி, ஒரு கான்ஸ்டபிள் வந்து புட்டி புட்டியாக முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனார். ஆள் இன்றும் திண்டிவனத்தில் நன்றாகத்தான் இருக்கிறார். இதைப் படித்தால், எழுதச் சொன்னது யார் என்று முதலில் கேட்பார்.

நான் வாங்கப் போனபோதும் அதைத்தான் கேட்டார்.

"பேரு இன்னா?"

"பாஞ்சாலி."

"நெசப் பேரே அதானா?"

"ஆமாங்க. மல்லாட்டை மண்டி வேங்கடேசன் பொண்ணு."

"உன்ன யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்புலீங்க. எனக்குத்தான்."

"பொம்பளப் புள்ள, ஏரோப்ளேனு. இத்த நான் நம்பணும்" என்று மூக்கால் சிரித்தார். பாண்டிச்சேரியில் எவனோ இதே வியாபாரம் தொடங்கியிருக்கிறான், தன் வரைபடத்தைத் திருட ஆள் மேல் ஆளாக அனுப்பிக்கொண்டிருக்கிறான் என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. அப்படி ஒருவனை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. இரட்டைப் பின்னல் போட்ட நான் அவனுடைய கடைசி ஆயுதம் என்று எண்ணிக்கொண்டார் போல.

அதனால்தான் விமானத்தை அவர் முழுதாக விற்பதில்லை. நான்கு பொட்டலமாகப் பிரித்து வைத்திருப்பார். முதலில் இறக்கை. அதை வீட்டில் செய்து, காகிதம் ஒட்டி, கொண்டுவந்து அவரிடம் காட்ட வேண்டும். தட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியானால்தான் உடம்புப் பொட்டலம். அப்புறம் வால். கடைசியில் மூக்கில் மாட்டுகிற விசிறியும் அதைச் சுழற்றுகிற ரப்பரும். "ரிட்டன் காட்டு, அப்பறம் இஷ்யூ" என்பார். சுவரில் மாட்டிய வரைபடத்திலும் இறக்கை மட்டும்தான் தெரியும். மற்றதன் மேல் செய்தித்தாளைக் குண்டூசியால் குத்தி மறைத்திருப்பார். ஸ்டூலில் உட்கார்ந்து நாம் அந்த இறக்கையைப் பார்த்து வரைந்துகொள்ள வேண்டும். வரைந்து முடிகிறவரை அவர் மூச்சு நம் கழுத்தில் படும்.

"முழுசா குடுத்தா ஜல்தி ஜல்தியா செஞ்சி ஒடைச்சிடுவானுங்க. அப்பறம் மரம் சொத்தைன்னு எங்கிட்டயே வந்து நிப்பானுங்க. நமக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?" என்று காரணம் சொல்வார். முக்கால்வாசிப் பையன்கள் இறக்கையோடு நின்றுவிட்டார்கள். அந்தக் காலத்து விழுப்புரத்தில் அலமாரி மேல் ஒற்றை இறக்கை தூசி படிந்து கிடந்த வீடுகள் நிறைய இருந்திருக்கும். என் வீடு அப்படி ஆகக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு உடம்பு வேண்டும், வால் வேண்டும், அது பறக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்டதும் மாடி அறையில் உட்கார்ந்துவிடுவேன். பிளேடால் குச்சிகளை நறுக்கி, பலகையில் குண்டூசி குத்தி நிறுத்தி, பசை வைத்து, காய்கிறவரை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பேன். எண்ணெய் பட்ட மரத்தில் பசை பிடிக்காது, அதனால் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அம்மாவோடு தினம் சண்டை. இறக்கை ஒருவழியாக முடிந்து, காகிதம் இழுத்துக்கொண்டு விறைப்பாக நின்றபோது, அதை நானேதான் செய்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சந்தோஷத்தில் அன்று சாயங்காலம் அதை அப்பாவின் கையில் கொடுத்தேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலைதான் அவர் வியாபாரம். மண்டிக்கு வருகிற எந்த மூட்டையையும் அவர் எடையை வைத்தோ, கொண்டுவந்தவர் அடிக்கிற சத்தியத்தை வைத்தோ எடுத்ததில்லை. அடி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் குலுக்குவார். லேசாகத் தெரிந்த காயைப் பொறுக்கி, அதற்கென்றே நீளமாக விட்டிருக்கும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பட்டென்று உடைப்பார். உள்ளே பருப்பு இல்லையென்றால் பொக்கு. பொக்கு என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் அந்த மூட்டை வந்த வண்டியிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

என் இறக்கையையும் உள்ளங்கையில் வைத்துக் குலுக்கினார்.

"இன்னாம்மா இது, கனமே இல்ல? பொக்கு மரத்த உன் தலையில கட்டிகிறான்" என்றார். நான் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் கட்டைவிரல் நடுச்சட்டத்தில் இறங்கிவிட்டது. பட்டென்று முறிந்தது. முறிந்த இடத்தை விளக்கருகே கொண்டுபோய், உள்ளே என்ன இருக்கிறது என்று குனிந்து தேடினார். மண்டியில் செய்கிற அதே முகத்தோடு தேடினார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. அழுகை அப்புறம்தான் வந்தது. சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு துண்டையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பாண்டுரங்கனிடம் போனேன். அவர் பிரித்துப் பார்த்தார். என் கையை முகர்ந்தார். குறை சொல்ல அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

"யாரு ஒடைச்சது?"

"எங்கப்பாங்க."

"எல்லாத்தையும் அப்பனுங்கதான் ஒடைக்கறானுங்க. இந்த ஊருல புள்ளைங்க ஒடைச்சதா சரித்திரமே இல்ல."

"சத்தியமா அவருதாங்க. பொக்கான்னு பாக்கறதுக்கு ஒடைச்சாரு."

"மரத்துல பொக்கா? கத கட்டறதுன்னாலும் நம்பற மாரி கட்டணும் பாப்பா. முழுசா செஞ்சி எட்தாந்து காட்டு. இல்லன்னா உடம்பு கெடையாது" என்று துண்டுகளை என் பக்கம் தள்ளினார். உடைந்ததைவிட அது வலித்தது. வாழ்க்கையில் நான் உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்லாத நாள் அது, அன்றைக்குப் பார்த்துத்தான் என்னைப் பொய்க்காரி ஆக்கினார். கோபத்தில் காது சுட்டது. அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வீடுவரை நடந்தேன்.

அப்பாவை வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். "அவங்கிட்ட போய் நான் சாட்சி சொல்லணுமா?" என்று அவர் தோள் துண்டை உதறினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தானாகவே கிளம்பினார். என் பொருட்டு அல்ல. பொக்கு மரம் விற்கிறவனை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டிருந்தது அவருக்கு. உடைந்த இறக்கையை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

ஆடி மாதம். சந்து முழுக்கப் புழுதிக் காற்று. அப்பா கடை வாசலில் ஏறியதுமே பாண்டுரங்கன், "கைய காட்டுங்க" என்றார். மண்டி வேங்கடேசனிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அப்பா திகைத்துப்போய் நீட்டியும் விட்டார்.

"மல்லாட்டை எண்ணெ. இந்தக் கையால எதையும் தொடாதீங்க."

"தொடாம எப்பிடிங்க சரக்கு பாக்கறது? புள்ளைக்கிட்ட பொக்கு மரத்த வித்துட்டு, கைய வேற மோந்து பாக்கறீங்களே" என்றபடி அப்பா மேஜை மேல் கட்டி வைத்திருந்தவற்றிலிருந்து ஒரு சட்டத்தை உருவினார். குலுக்கினார். கட்டைவிரலை நடுவில் வைத்தார். பட்.

பாண்டுரங்கன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கூச்சல் போடப் போகிறார் என்று நான் சுவரோடு ஒண்டிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. அப்பா கையிலிருந்த துண்டை வாங்கினார். என் இறக்கையைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பல்புக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். பால்சா மெத்தென்று இருக்கும் மரம், நகம் பட்டாலே பதிந்துவிடும். இரண்டிலும் முறிந்த இடத்தில் பிறை மாதிரி ஒரே நகத் தடம். வெகுநேரம் பார்த்தார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அப்பா அதற்குள், முறிந்த சட்டத்தின் மறுபாதியிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்து வாயில் போட்டு மென்று பார்த்தார்.

"கனம் இல்ல" என்றார் கடைசியில். "ஆனா பொக்கும் இல்ல."

"பறக்கற சாமானுக்குக் கனம் இன்னாத்துக்குங்க?" என்றார் பாண்டுரங்கன். குரலில் வழக்கமான காரம் இல்லை. பிறகு ஸ்டூலைக் காலால் என் பக்கம் நகர்த்தி, தன் சொந்தப் பிளேடை மேஜை மேல் வைத்தார். "ரெண்டு முனையையும் சாய்வா சீவு. சீவி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சி ஒட்டு. ஒட்டுன எடம் மத்த எடத்தவிட உறுதியா நிக்கும். நீயே ஒட்டு."

நான் உட்கார்ந்தேன். காற்று காகிதத்தையெல்லாம் வாரிக்கொண்டு போனது. "ஷட்டர எறக்கணும், இல்லன்னா பசையில மண்ணு ஒட்டிக்கும். வெளிய இருந்துதான் இழுக்க வரும்" என்று அவர் வெளியே கிளம்பினார். ட்ரங்குப் பெட்டியையும் கையோடு தூக்கிக்கொண்டார்.

"புள்ளைய உள்ள வெச்சிக்கினு ஷட்டர எறக்கறதா?" என்று அப்பா சிலிர்த்தார்.

"நானும்தான் வெளிய நிக்கறேன். நீங்களும் நில்லுங்க. நான் இன்னா ஓடியா பூடுவேன்?"

ஷட்டர் கரகரவென்று இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. உள்ளே பல்பும் நானும் மட்டும். பிளேடை எடுத்தேன். மெல்ல மெல்லச் சீவினேன். சாய்வு சரியாக வந்து உட்கார்ந்தது. பசை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பினால், அந்த ஒரு சாண் இடைவெளியில் அப்பாவின் தோல் செருப்பு தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் பெட்டியின் அடிப்பாகம், அதையொட்டிப் பாண்டுரங்கனின் ரப்பர் செருப்பு. நாலு பாதமும் கடைக்குள் பார்த்தபடி நின்றன. தேநீர் குடிக்கக்கூட இரண்டு பேரும் நகரவில்லை.

"உடாத. புடிச்சிக்கினே இரு" என்றது பாண்டுரங்கன் குரல்.

"புடிச்சிக்கினுதாங்க இருக்கேன்."

பெட்டி திறக்கிற கிறீச் சத்தம் கேட்டது. உள்ளே எதையோ துழாவினார். ஒட்டு இன்னும் காயவில்லை. அவர் இறக்கையைத் தட்டிப் பார்க்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை, நான் எப்படிச் சீவியிருக்கிறேன் என்றுகூட அவருக்குத் தெரியாது. ஷட்டருக்கு அடியில் ஒரு கை மட்டும் உள்ளே வந்தது. உடம்புப் பொட்டலத்தைத் தரையில் வைத்து, எட்டிய மட்டும் விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டது.