வெள்ளைச் சேர்ட்டில் கரித்தூள்

எழுபதுகளின் கடைசியில் எனக்கு ஏறாவூரில் கலியாணம். என் ஊரான கல்முனைக்குத் தண்டவாளமே இல்லை. அதுவரை நான் கோச்சியைக் கண்டதில்லை. வழியில் ரயில் கடவை மூடியிருந்ததால் மாப்பிள்ளைக் கார் நின்றது. நான் இறங்கிக் கடவையடிக்கு ஓடினேன்.

"உடுப்புப் பழுதாகும், ஏறுங்க மகன்" என்றார் காரிலிருந்த என் தாய்மாமா.

முதலில் காலடி மண் அதிர்ந்தது. பிறகு கரிக்கோச்சி முழு வேகத்தில் என் நெஞ்சுக்குள்ளால் ஓடுவதுபோலக் கடந்தது. சக்கரங்களைச் சுழற்றும் இரும்புத் தண்டுகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் வாய் பிளந்து நின்றேன்.

பெண் வீட்டு வாசலில் என் கால் கழுவ வந்த மச்சான் திகைத்துப்போனான். வெள்ளைச் சேர்ட் முழுக்கக் கரித்தூள். வெட்கத்தில் குனிந்த தலை நிக்காஹ் முடியும்வரை நிமிரவில்லை.

அறையில் மனைவியுடன் தனித்திருந்தபோது அவளும் அந்தப் புள்ளிகளையே பார்த்தாள்.

"கோச்சி பாத்த நீங்களா?"

"ஓம்."

"நம்மட வளவுக்குப் பின்னாலதான் போற. நாளைக்கும் வரும்."

கலியாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டில் குடியிருப்பதுதான் எங்கள் வழக்கம். ஊரைப் பிரிந்து வந்த கலக்கம் எனக்கு அப்போதுதான் தணிந்தது.

மறுநாள் பின்வேலியில் இருவரும் நின்றோம். பிறந்ததிலிருந்து பார்ப்பவள், அவளுக்கு இதிலென்ன புதுமை என்று நினைத்தேன். மண் அதிரத் தொடங்கியதும் என் கையை இறுகப் பிடித்தவள் அவள்தான்.