இடுப்போடு முடிந்த பாடம்

எங்கள் ஊரில் மனித உடலுக்கு மூன்றே மூன்று உறுப்புகள்தான்: தலை, நெஞ்சு, வயிறு. தலையில் நோவு என்றால் பிரஷர். நெஞ்சில் நோவு என்றால் காஸ். மிச்சம் எல்லாம் வயிறு. சிறுநீரகத்தில் கல் இருந்தாலும் வயிறு, ஈரல் வீங்கினாலும் வயிறு, பிள்ளை பிறக்கப் போனாலும் வயிறு. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கற்பிட்டி முனை வரைக்கும் சனங்கள் இந்த மூன்றை வைத்துக்கொண்டே வெங்காயம் நட்டு, மீன் பிடித்து, பேரப்பிள்ளைகளையும் கண்டுவிடுகிறார்கள். மருத்துவ உலகம் இதை இன்னும் கவனிக்கவில்லை.

நான் அப்படியல்ல. நான் விஞ்ஞான ஆசிரியை. பதினெட்டு வருடமாகப் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்கு மனித உடலைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுத்து வருகிறேன். சமிபாட்டுத் தொகுதி, சுவாசத் தொகுதி, குருதிச் சுற்றோட்டத் தொகுதி, நரம்புத் தொகுதி. இதயத்தின் மேல் அறையான சோணையறைக்கும் கீழ் அறையான இதயவறைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையை நான் வகுப்பில் உட்கார விட்டதில்லை. இதனால் ஊரில் எனக்கு அரை டொக்டர் என்ற பட்டமும் கிடைத்திருந்தது. இரத்தம் சோதித்த துண்டு யார் கைக்கு வந்தாலும் அடுத்து என் கைக்குத்தான் வரும். "டீச்சர், எச் எண்டு போட்டிரிக்கி, மவுத்தாகிடுவனா?" என்று கேட்பார்கள். சீனி கூடியதைக் காட்டும் அந்த ஒற்றை எழுத்திலிருந்து நேரே மரணத்துக்குப் போய்விடுவார்கள். நான் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, சதையி என்ற கணையம் பற்றியும் அது சுரக்கும் இன்சுலின் பற்றியும் கால் மணி நேரம் விளக்குவேன். அவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப சீனியக் குறைக்கணும், அவ்வளவுதானே?" என்று எழுந்து போவார்கள். படிப்பின் அருமை தெரியாத சனம் என்று எனக்குள்ளே சலித்துக்கொள்வேன்.

எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் என்று மரியாதைக்காக அழைக்கப்படும் அறையில் ஒரு மனித உடல் படம் தொங்குகிறது. ஆள் உயரம். தோல் உரித்த மனிதர், உறுப்பெல்லாம் நிறம் நிறமாக. இடுப்புக்குக் கீழே மட்டும் யாரோ புத்தகத்துக்கு உறை போடும் பழுப்புத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். பாவம், அந்த மனிதருக்குச் சிறுநீரகம் இரண்டு உண்டு, சிறுநீர் போக வழியில்லை. பெருங்குடல் முழுசாக உண்டு, அது போய்ச் சேரும் இடம் பழுப்புத் தாள். ஒட்டியவர் யாரென்று தெரியாது. நான் வந்தபோதே அது இருந்தது. பதினெட்டு வருடமாக அதைக் கிழிக்காமல் விட்டவள் நான்.

இனப்பெருக்கத் தொகுதிப் பாடம் வரும்போது நான் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வேன்: "இது லேசான பாடம். வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்." எந்த வீட்டுவேலையையும் ஒழுங்காகச் செய்யாத பிள்ளைகள் அந்த ஒரு பாடத்தை மட்டும் பக்கம் கிழியும்வரை வாசித்தார்கள். பரீட்சையில் அந்தக் கேள்விக்குத்தான் முழுப் புள்ளி. என் கற்பித்தலின் வெற்றி என்று அதிபர் கூட்டத்தில் பாராட்டினார். நானும் தலையைக் குனிந்து பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். என்னைவிட ஒன்பது வயது மூப்பு. என் வீட்டுக்கு அடுத்த வளவில்தான் இருக்கிறார். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் என் குசினிக்கு வந்தார். வழமையாக அந்த நேரம் அவர் வெளியே வருவதில்லை. கதவைச் சாத்திவிட்டு, தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் காதருகே வந்து சொன்னார்.

"எனக்குத் திரும்பத் தொழுகை இல்லாமப் போகுது."

எங்கள் பெண்கள் மாதவிலக்கை அப்படித்தான் சொல்வார்கள், அந்த நாட்களில் தொழுகை கடமையில்லை என்பதால். ராத்தாவுக்கு அது நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. நின்ற பிறகு மறுபடி இரத்தம் போனால் என்ன அர்த்தமாக இருக்கலாம், எவ்வளவு கெதியில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். திருவலகையை விட்டுவிட்டு எழுந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. சோணையறையா இதயவறையா என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாளே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ராத்தாவுக்குச் சிங்களம் ஓடாது. எனக்கு நன்றாக ஓடும். அதனால் வாயாக நான் போனேன், உடம்பாக ராத்தா வந்தார். வரிசை நீளம். டொக்டர் இளம் ஆள், நல்ல மனுஷன், பார்த்ததும் சிரித்தார். அவரது மேசைக்குப் பக்கத்தில், அடுத்த நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா. மீன் வியாபாரி. "டீச்சர், சுகமா?" என்று தமிழில் கேட்டார். சிங்களமும் நன்றாகத் தெரிந்த ஆள்.

"மொகத அமாருவ?" என்றார் டொக்டர். உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்கிறார்.

கருப்பைக்கு மூன்று மொழியிலும் எனக்குச் சொல் தெரியும். இரத்தத்துக்கு அதைவிட லேசான சிங்களச் சொல், ஒரே எழுத்து: லே. வாயைத் திறந்தேன். மீன் வியாபாரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இல்லை, அவர் தன் நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போல. யாருக்குத் தெரியும்.

"பட ரிதெனவா, டொக்டர்," என்றேன். வயிறு நோகிறது என்று.

பதினெட்டு வருடம் ஊரையே நக்கலடித்தவள், கடைசியில் ஊரின் அந்த மூன்றாம் உறுப்பிடமே போய் ஒளிந்துகொண்டேன். டொக்டர் எப்போதிருந்து என்று கேட்டார். ஏதோ சொன்னேன். காஸ்ட்ரைட்டிஸ் மாத்திரை எழுதினார். ராத்தா பக்கத்தில் கதிரையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார், எல்லாம் சொல்லியாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு.

அடுத்த கிழமை பெண் டொக்டர் இருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போவோம் என்று மனதில் ஒரு திகதி போட்டேன். அந்தக் கிழமை தவணைப் பரீட்சை. அதற்கடுத்த கிழமை விடைத்தாள். பிறகு செமினார். ராத்தாவோ, "டொக்டர் தந்த மருந்து நல்லம், கொஞ்சம் கொறஞ்சிரிக்கி" என்றார். மாத்திரை முடிந்ததும் தானே மருந்துக்கடையில் மறுபடி வாங்கிக் குடித்தார். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, தவறாமல். அவர் குறைந்திருக்கிறது என்று சொன்னதை, படித்தவள் நான், நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் மாதம் ராத்தா வெங்காயத் தாள் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் மயங்கி விழுந்தார். உடுப்பெல்லாம் இரத்தம். அதற்குப் பிறகு உடம்புக்கு என்ன என்று சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள், சதைத் துண்டு எடுத்து அனுப்பினார்கள். ரிப்போட் வந்த நாள் கிளினிக்கில் வயதான பெண் டொக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். கருப்பையில் புற்றுநோய். கருப்பையை எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முதலே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே பரவியிருக்கிறதா என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"என்னவாம்?" என்றார் ராத்தா.

"கருப்பையில கட்டி, ராத்தா. கென்சர். ஒப்பரேஷன் செஞ்சு எடுக்கணுமாம். மூணு மாசத்துக்கு முந்தி வந்திரிந்தா நல்லமாம்."

ராத்தா தன் கைகளைப் பார்த்தார். விரல்களில் வெங்காயக் கறை இன்னும் போகவில்லை.

"அப்ப வந்தமே," என்றார். "நீயும்தானே கூட வந்த. அண்டைக்கி அந்த டொக்டருக்கிட்ட நீ என்ன சொன்ன?"

டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"வயித்துவலி எண்டு சொன்னேன், ராத்தா."

"ஏன்?"

"பக்கத்துல ஆள் நிண்டாங்க."

ராத்தா ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முந்தானையை இழுத்துத் தலையைச் சரியாக மூடிக்கொண்டு, என் பக்கமாக முழுசாகத் திரும்பினார்.

"சரி. இப்ப இந்த டொக்டர் சொன்னத முழுசா சொன்னியா, இல்ல இதுலயும் எதையாச்சும் விட்டுட்டியா?"

விட்டிருந்தேன். கடைசி வசனத்தை.

அதையும் சொன்னேன். பரவியிருக்கலாம் என்று சொன்னேன். எது எங்கே இருக்கிறது, எதையெல்லாம் எடுப்பார்கள், எதிலிருந்து எதற்குப் பரவும் என்று ஒவ்வொன்றையும் அதனதன் பெயராலேயே சொன்னேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பாடத்தைச் சொல்கிறேன், அதனால் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. வெளியே நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.